14. அப்பா வாசிக்க வேண்டிய கடிதம்

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சின்னவள் ஆறாவது தடவையாகக் கடிதத்தை எழுதி முடித்தாள். முடித்தாள் என்று சொல்லலாமா என்பதில் அவளுக்கே சந்தேகம். மூன்று வரி இருக்க வேண்டிய கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது.

இந்தக் கடிதம் எப்படி அவள் தலையில் வந்து விழுந்தது என்பதைப் போன வாரம் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்னவளுக்கு வயது பதினெட்டு. பெண் பிள்ளைகளுக்குப் பத்தாவதோடு படிப்பு போதும் என்பது சபையின் தீர்மானம். அவளோ, பூத்தையல் கற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பத்து மாதமாக வாரத்தில் நான்கு நாள் மாலை வகுப்புக்குப் போய்ப் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் உட்காரும் வகுப்பு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "இப்ப என்ன பூ போடுற, காட்டு பார்ப்போம்" என்று ஆசையாகத்தான் போதகரம்மா அவள் பைக்குள் கையை விட்டார். கையோடு வந்தது உயிரியல் புத்தகம். விரிந்த பக்கத்தில் உடுப்பு மட்டுமல்ல, தோலும் இல்லாமல் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கே தீர்ப்பும் வந்துவிட்டது. சின்னவள் மனந்திரும்பல் கடிதம் எழுத வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். என்ன செய்தாள், வேறு யாருக்குத் தெரியும், இனிமேல் செய்யமாட்டாள். பெண்கள் சபையில் வாய் திறக்கக் கூடாது என்பதால் தகப்பன்தான் அதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். கடிதம் திருப்தியாக இல்லாவிட்டால் கடைசி பெஞ்சு. கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவரோடு சொந்த வீட்டில்கூட யாரும் சேர்ந்து சாப்பிடக் கூடாது.

இதில் ஒரே ஒரு சிக்கல். தேர்வு நாளைக்கு. திங்கட்கிழமை காலை, முதல் தாள் உயிரியல். மூன்றாவது வரியை எழுதினால் தேர்வு போச்சு. அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. அதற்குள் சபைப் பெரியவர்களான மூப்பர்கள் கூடி அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிடுவார்கள். அக்காவுக்குப் பத்தொன்பதில் பார்த்தார்கள்.

சின்னவள் நோட்டைத் திறந்து எழுதினாள். மாலை வகுப்பு ஆசிரியை, தினமும் ஒரு பக்கம் எதையாவது எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் ஒரு நாள் தவறவில்லை.

"ஒன்று: எழுதினால் தேர்வு இல்லை. இரண்டு: எழுதாவிட்டால் கடைசி பெஞ்சு, அப்பா தேர்வுக்கும் விடமாட்டார். மூன்று:"

மூன்றுக்கு எதுவும் தோன்றவில்லை. கடிதத்திலும் மூன்றில்தான் நின்றது, நோட்டிலும் மூன்றில்தான் நிற்கிறது.

சமையலறையில் அம்மா பாலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"ரெண்டு வரி எழுதிட்டேன்."

"ரெண்டாவதுல என்ன எழுதின?"

"யாருக்கும் தெரியாதுன்னு எழுதினேன்."

அம்மா பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஆடையை ஸ்பூனால் வழித்துச் சின்னவளின் டம்ளரில் போட்டாள். அதுதான் அம்மாவின் நன்றி.

தெரியாமல் என்ன? பூத்தையல் கற்கிறவள் பூத்தையல் காட்ட வேண்டாமா? சின்னவள் வகுப்பில் இதயத்தின் நான்கு அறைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வீட்டில் உட்கார்ந்து கைக்குட்டைகளில் பூப்போட்டாள். பத்து மாதத்தில் பதினாறு கைக்குட்டை. போதகரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தது சின்னவள். கொஞ்சம் கோணலாகத் தைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். அம்மாவுக்குக் கோணலாகத் தைக்க வராது. பூக்கள் அவ்வளவு அழகாக இருந்ததால்தான் போதகரம்மாவுக்குப் பைக்குள் கைவிடும் ஆசையே வந்தது.

"போய் அப்பாகிட்ட காட்டு. கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள் அம்மா.

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் தையலறை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழுப்புத் தாள் மாதிரிகள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மாதிரி. மெஷினைச் சுற்றி மூன்று விளக்கு. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பதினோரு மாதக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சபைக்கு வந்து கண்ணுக்காக ஜெபித்த நாளில், அப்பா எழுந்து போய்த் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தார். வேதத்தை விரித்துக் கண்ணாடி இல்லாமலே ஒரு அதிகாரம் முழுக்க வாசித்தார். சபை ஆர்ப்பரித்தது. அது அவருக்குச் சிறு வயதிலிருந்தே மனப்பாடமான அதிகாரம் என்பது அந்த நிமிடம் அவருக்கே நினைவில்லை. எழுத்தைப் பார்த்ததாகத்தான் நம்பினார். மறுநாள் காலை ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் கண்ணாடி, குணமானவர்கள் விட்டுச்சென்றதை வைக்கும் சபைக் கூடத்தின் சாட்சி அலமாரிக்குப் போய்விட்டது. "தையல்காரர், கண்பார்வை" என்று எழுதிய அட்டையோடு.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தினமும் சாயங்காலம் சின்னவள் இருபது ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சுப் பொதியில் குத்தி வைப்பாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அப்பாவும் யார் கோத்தது என்று கேட்டதில்லை. ஒரு தடவை கறுப்புக் கால்சட்டைக்குக் கருநீல நூல் போட்டுத் தைத்துவிட்டார். வாடிக்கையாளர் கத்திவிட்டுப் போனார். "விளக்கு சரியில்ல" என்றார் அப்பா. மூன்றாவது விளக்கு அப்போது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின் மூடியிருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கொண்டா." தாளை வாங்கிக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கிட்டே இழுத்தார். மறுபடி தள்ளினார். "நீயே வாசி. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு."

அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதை அவளும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வாசித்தாள்.

"பூத்தையல் கற்பதாகப் பொய் சொல்லி, பத்து மாதமாகப் பள்ளி இறுதித் தேர்வு வகுப்புக்குப் போனேன். இது வேறு யாருக்கும் தெரியாது."

"மூணாவது?"

"இன்னும் வரலப்பா."

"வர்றதுக்கு அது என்ன தும்மலா? எழுது."

"அப்பா, நாளைக்குத் தேர்வு. மூணே மணி நேரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலைக்கு எடுக்கிறதா சொல்லியிருக்காங்க, இதுல தேறினா மட்டும்..."

"எழுதுன்னேன்."

எழுதினாள். "இனிமேல் போகமாட்டேன், தேர்வும் எழுதமாட்டேன்." எழுதி முடித்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் காது சுட்டது. தாளில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவள் என்ன வாசிக்கிறாளோ அதைத்தான் மனப்பாடம் செய்வார், சபையில் அதைத்தான் சொல்வார். மூன்றாவது வரியை வேறு மாதிரி வாசித்துக் காட்டினால் முடிந்தது.

"என்ன எழுதினே, வாசி."

ஆசிரியை வகுப்பில் அடிக்கடி கேட்பார், யோசிக்கிறாயா பயப்படுகிறாயா என்று. எது என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நூல் கோத்த ஊசி இருபதும் அப்பாவின் முழங்கை அருகே நின்றிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு அவளால் மாற்றி வாசிக்க முடியவில்லை. இருந்ததை இருந்தபடியே வாசித்தாள்.

மூன்று தடவை வாசிக்க வைத்தார். நான்காவது தடவை அவரே சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை.

சபைக் கூடம் ஓர் இரும்புக் கடையின் மாடி. மாடிப்படியில் போதகரம்மா நின்று பெண்களின் முக்காட்டைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவார். கடிதம் இருந்தால் அதையும் வாங்கிப் பார்த்துக்கொள்வார். சின்னவள் கொடுத்த தாளை வாசித்து உதட்டைப் பிதுக்கினார்.

"உப்புச் சப்பில்லாம இருக்கே. சரி, உள்ளே போ."

ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம், நடுவில் வெள்ளைக் கயிறு. அக்கா ஏற்கெனவே வந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, உன் வழக்கமான பட்டியல் மாதிரி ஒண்ணு ரெண்டு மூணு போட்டு எழுதினியா?" என்றாள் உதடு அசையாமல். சபையில் வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தோடு வளர்ந்த பெண்கள் எல்லோருக்கும் உதடு அசையாமல் பேசத் தெரியும்.

"சும்மா இரு, அக்கா."

"என் கடிதம் ஞாபகம் இருக்கா? ஜெபத்துல சிரிச்சதுக்கு எழுதினது. அப்பா எவ்வளவு கம்பீரமா வாசிச்சார் தெரியுமா, எனக்கே என் மேல கோபம் வந்துச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். இதற்கும் ஒரு கடிதம் எழுத நேரமில்லை.

மேடைக்குப் பக்கத்தில் சாட்சி அலமாரி. கண்ணாடிக் கதவு, பூட்டு கிடையாது, கொக்கி மட்டும். உள்ளே இரண்டு ஊன்றுகோல், ஒரு முழங்கால் பட்டை, காதுக் கருவி ஒன்று, மேல்தட்டில் அப்பாவின் பழுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி. முன்பு மருந்துப் புட்டி ஒன்றும் இருந்தது. அதன் சொந்தக்காரர் போன வருடம் இறந்துபோனார். மறுவாரம் புட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மட்டும் வட்டமாகத் தூசி இல்லாமல் கொஞ்ச நாள் தெரிந்தது.

பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து போதகர் அழைத்தார். அப்பா எழுந்து மேடைக்குப் போனார். போதகரம்மா எழுதிக் கொடுத்து வைத்திருந்த தாளைப் போதகர் அவர் கையில் கொடுத்தார். அது சின்னவளின் தாள் அல்ல. அவளுடையது கோடு போட்ட நோட்டுத் தாள். இது வெள்ளைத் தாள். வலப்பக்கத்து மூன்றாவது வரிசையிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. கையில் வைத்திருந்த அப்பாவுக்குத் தெரியவில்லை.



அப்பா தாளைக் கை நீளத்தில் பிடித்துக்கொண்டு, கணீரென்று ஆரம்பித்தார். "பூத்தையல் கற்பதாகப் பொய் சொல்லி, பத்து மாதமாகப் பள்ளி இறுதித் தேர்வு வகுப்புக்குப் போனேன். இது வேறு யாருக்கும் தெரியாது."

போதகரம்மா இருமினார். அவருக்கும் சபையில் வாய் திறக்க உரிமை இல்லை. இருமலுக்கு மட்டும் உண்டு. இரண்டாவது இருமலில் போதகர் திரும்பினார். எட்டி, அப்பாவின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார்.

"பிரதர், தாள்ல அப்படி இல்லையே. எங்க வீட்டம்மா திருத்தி எழுதியிருக்காங்க. இருக்கிறதை வாசிங்க."

அப்பா தாளைப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குழந்தை மூச்சுவிடுவது கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். எழுந்து போய் அவர் காதில் படித்துச் சொல்ல முடியுமா? கயிற்றைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று அவளே ஊருக்குச் சொன்னதாக ஆகும். தாண்டாவிட்டால்? அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அப்பா மேடையை விட்டு இறங்கினார்.

நேராக அலமாரிக்குப் போனார். கொக்கியை எடுத்தார். மேல்தட்டில் கைவிட்டுத் தடவி, தன் கண்ணாடியை எடுத்தார். பதினோரு மாதத் தூசியைச் சட்டை முனையில் துடைத்தார். ஒரு பக்கம், மறு பக்கம், நிதானமாக. மாட்டிக்கொண்டு திரும்பவும் மேடையேறினார்.

முதலில் மனசுக்குள் வாசித்தார்.  பிறகு தலையைத் தூக்காமல் சத்தமாக வாசித்தார்.

"என் மகளின் குற்றத்துக்காக, அவளை இன்று முதல் ஒரு வருட காலம் போதகர் வீட்டில் ஊழியத்துக்கும் ஜெபத்துக்கும் ஒப்புக்கொடுக்கிறேன். அங்கிருந்தே அவளுக்கு ஏற்ற வரன்..."

நிறுத்தினார். தாளை நான்காக மடித்தார்.

"இதை என் பிள்ளை எழுதல. நானும் எழுதல" என்றார்.

"பிரதர், முதல்ல அந்தக் கண்ணாடியை வெச்சிட்டு வாங்க."

"வெச்சா வாசிக்க முடியாதே பாஸ்டர்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, இருமல் போல மாற்றிக்கொண்டார்கள்.

"நீங்க குணமான சாட்சி சொன்னவர். சபை பார்த்திருக்கு."

"சொன்னேன். அன்னைக்கு எழுத்து தெரிஞ்சதாத்தான் நினைச்சேன். மறுநாள் தெரியல. பதினோரு மாசமா இங்க நான் எதையும் வாசிக்கல பாஸ்டர், மனப்பாடமாச் சொன்னேன். அதுக்கு ஒரு கடிதம் வேணும்னாலும் எழுதித் தர்றேன், நானே வாசிக்கிறேன். ஆனா என் பிள்ளையை எங்க ஒப்புக்கொடுக்கிறேன்னு தெரியாம என்னால வாசிக்க முடியாது."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. கால்சட்டைக்கு ரெண்டு அங்குலம் குறைக்கணும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னார்.

மூப்பர்கள் ஐந்து பேரும் பக்கத்து அறைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். தகப்பன், மகள் இருவருக்கும் கடைசி பெஞ்சு. மறு உத்தரவு வரும்வரை.

மதியம் அம்மா இரண்டு தட்டுகளைத் தையலறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அப்பாவும் சின்னவளும் வெட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்படி இரண்டு பேரும் தனியாகச் சாப்பிட்டது அவள் நினைவில் இதுவே முதல் தடவை.  சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில் அம்மாவின் ஸ்பூன் தட்டில் படும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து மூன்று விளக்கில் இரண்டை அணைத்தார். சுவரில் வரிசையாகத் தொங்கிய பழுப்புத் தாள்களிடம் போனார்.

"அந்த இரும்புக் கடைக்காரர் இருக்காரே, தாட்டியான ஆளு. அவர் சட்டை மாதிரிக்குப் பின்னால ஒரு தாள் ரெண்டு மாசமா கைக்குத் தட்டுப்படுது."

சின்னவள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். தேர்வு அனுமதிச் சீட்டை அங்கேதான் ஒளித்து வைத்திருந்தாள். கடைக்காரர் வருடத்துக்கு ஒரு சட்டைதான் தைப்பார் என்று கணக்குப் பண்ணி, யோசித்து, தேர்ந்தெடுத்த இடம்.

"ஏதோ ரசீதுன்னு நினைச்சேன். இப்பத்தான் வாசிச்சேன்." அப்பா சீட்டை விளக்கடியில் பிடித்தார். கை நீளத்துக்குத் தள்ளவில்லை. "ஒன்பதரைக்கு ஆரம்பம்னு போட்டிருக்கு. அரை மணி முன்னால வரணுமாம். நீல மையில மட்டும்தான் எழுதணுமாம். வெச்சிருக்கியா?"

"ரெண்டு பேனா இருக்குப்பா."

"இன்னொண்ணும் எடுத்துக்கோ."

"அப்பா... அந்த மூணாவது வரி?"

அப்பா சீட்டை அவளிடம் நீட்டினார். "அதை நான் சபையில சொல்லவே இல்லையே. வாய்க்கு வர்றதுக்குள்ள நிறுத்திட்டாங்க. சொல்லாத வார்த்தைக்கு நாம எப்படிக் கட்டுப்படுறது?" பிறகு, "எட்டு மணிக்குக் கிளம்பணும். நானும் வர்றேன்" என்றார்.

சின்னவள் நோட்டை எடுத்தாள். காலையில் "மூன்று:" என்று எழுதி விட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தாள். எழுதினால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. எழுதாமலே மூடினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

தையலறைக் கதவுதான் வீட்டு வாசல் கதவும். அம்மா முந்திக்கொண்டு வந்து திறந்தாள். போதகரம்மா நின்றிருந்தார். கடைசி பெஞ்சுக்காரர்கள் இருக்கும் அறைக்குள் காலெடுத்து வைக்காமல், படியிலேயே நின்றார். கையில் துணி மூட்டை ஒன்று. முடிச்சை அவிழ்த்தார். கைக்குட்டைகள். பதினாறும் இஸ்திரி போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக.

"ஒரு விஷயம் மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைச்சுது எனக்கு" என்றார், மெதுவாக. "பிள்ளை தையல் வகுப்புக்கே போகல. அப்ப, இந்தப் பூவெல்லாம் யாரு போட்டது?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு சபையில சொன்னீங்களே பிரதர். நீங்களே பாருங்க." போதகரம்மா மேலே இருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அப்பா வாங்கிக்கொண்டார். விளக்கடிக்குக் கொண்டுபோனார். பூவைப் பார்க்கவில்லை; துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார், நூல் முடியும் இடத்தை. இருபத்தைந்து வருடமாக அவர் தைத்த சட்டைகளின் பொத்தானுக்கும் காஜாத் துளைக்கும் முடிச்சுப் போட்டுத் தந்த கை அது.

தையல்காரருக்கு முடிச்சைப் பார்த்தால் கை தெரியும். இப்போது அவர் மூக்கின் மேல் கண்ணாடியும் இருந்தது.